மீன் எங்கே என்று செல்போன் சொல்கிறது... மீன் எவ்வளவு என்று எண்ணுவது யார்?

இடையஞ்சாவடி பக்கம் போர் போட்ட விவசாயிகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நீரோட்டம் பார்ப்பது ஒரு வேலை. நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பது வேறு வேலை. ஊரில் எல்லோரும் முதல் வேலையை மட்டும் செய்து, இரண்டாவதை யாரும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? கொஞ்ச காலம் எல்லோருக்கும் தண்ணீர் வரும். பிறகு ஒரு கோடையில் எல்லோருடைய மோட்டாரும் சேர்ந்து காற்று வாங்கும். கடலோரம் என்றால் கூடவே உப்புத் தண்ணீரும் உள்ளே ஏறும்.

கடலிலும் இன்று இதே கதைதான். கிழக்கே ஈ.சி.ஆர். ரோட்டைத் தாண்டி இருக்கிற குப்பங்களில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள், படகில் பங்கு போட்டிருப்பவர்கள், மீன் எடுத்து ஊருக்குள் விற்பவர்கள் எல்லோருக்கும் இப்போது செல்போனில் மீன் தகவல் கிடைக்கிறது. மீன் எங்கே கூடும், அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் வருகிறது. நல்லதுதான். ஆனால் மீனைத் தேடித் தரும் தகவலும், மீனைக் காப்பாற்றும் தகவலும் ஒன்றல்ல. இரண்டாவது வகைத் தகவலில் உங்கள் படகும் உங்கள் பாடும் பதிவாகவில்லை என்றால், நாளைக்கு நஷ்டம் உங்களுக்குத்தான்.

இந்தத் தொழில்நுட்பம் நமக்கு ரொம்பப் புதுசு என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலேயே முதலில் ஆரம்பித்த இடங்களில் ஒன்று நம் பக்கத்துப் புதுச்சேரிதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் கடற்கரைக்குக் கேட்கும்படி வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்தைக் காப்பாற்றியதும் இதே மாதிரி ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லி மக்களை வெளியேற்றினார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின, மக்கள் பிழைத்தார்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு பெரியது என்பதைவிட, தகவல் கடைசி ஆள் காதுவரை போகிறதா என்பதே முக்கியம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மீன்வள அறிவிப்பை எப்படிப் படிப்பது?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம்தான் 'மீன் கூடும் இடம்' அறிவிப்பைத் தருகிறது. செயற்கைக்கோள் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, கடல் மேற்பரப்பின் வெப்பம். இன்னொன்று, தண்ணீரில் உள்ள பச்சையம். குளிர்ந்த தண்ணீரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் அடியில் உள்ள சத்து மேலே வரும். சத்து வந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். பாசியைத் தின்னச் சின்ன மீன் வரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். எரு போட்ட வயலில் பயிர் பச்சை கட்டுவதும் அதைத் தேடிப் பூச்சி வருவதும் போலத்தான்.

அறிவிப்பில் கரை ஊரின் பெயர், திசை, கோணம், தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று வரிசையாக இருக்கும். ஓர் உதாரணம்: மரக்காணம், கிழக்கு, 95 டிகிரி, 22 முதல் 27 வரை, ஆழம் 40 முதல் 50 என்று இருந்தால், காம்பஸில் 90 என்பது நேர் கிழக்கு, 95 என்றால் அதிலிருந்து சற்றே தெற்கே சாய வேண்டும். ஆழம் மீட்டர் கணக்கில், தூரம் கிலோமீட்டர் கணக்கில். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் ஜி.பி.எஸ். கருவி பெரும்பாலும் கடல் மைலில் காட்டும். 1 கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 25 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் அது பதிமூன்றரை கடல் மைல். 25 கடல் மைல் என்று நினைத்து ஓட்டினால் டீசலும் போகும், மீன் இருக்கும் இடமும் பின்னால் போய்விடும். முடிந்தவரை அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கருவியில் போடுங்கள்.

மேகம் மூடினால் செயற்கைக்கோளால் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்க்க முடியாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறிவிப்பு பல நாள் வராது. வந்தாலும் பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு போகாதீர்கள். நீரோட்டம் அந்தக் கோட்டை நகர்த்திவிடும். இன்னொன்று, இது மேல்தண்ணீர் மீனுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கவலை, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களுக்குச் சரி. தரையில் கிடக்கும் நண்டு, இறால், சங்கராவை இது காட்டாது. அறிவிப்பில் இருக்கும் இடம் பல நாள் சின்ன ஃபைபர் படகு போய்த் திரும்பக்கூடிய தூரத்தைத் தாண்டியும் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் அறிவிப்பு உங்களுக்கு இல்லை, பெரிய படகுக்குத்தான் என்று விட்டுவிடுவது நல்லது.

தேடும் நேரம் 30 முதல் 70 சதவீதம்வரை குறைகிறது என்று இன்காய்ஸ் சொல்கிறது. ஃபிஷர் ஃபிரெண்ட் என்ற செயலியிலும், இன்காய்ஸின் சமுத்ரா செயலியிலும் இந்த விவரங்கள் கிடைக்கும். செல்போன் டவர் எட்டாத தூரத்துக்குப் போகிறவர்களுக்கு ஜெமினி என்ற சின்னக் கருவி இருக்கிறது. 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன் பிறகு 2019-ல் இது வந்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் செய்தியை வாங்கி, ப்ளூடூத் வழியாக உங்கள் போனுக்குத் தரும். ஆனால் ஒருவழிதான், நீங்கள் திருப்பிப் பேச முடியாது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள்.

தேடும் கருவி நல்லதானால் மீன் குறைவது தெரியாது

இங்கேதான் சிக்கல். மீன் குறையக் குறைய, மிச்சமிருக்கும் மீன் கூட்டம் கூட்டமாக ஓரிடத்தில் சேரும். நல்ல கருவி வைத்திருக்கும் படகு நேராக அங்கே போகும். வலை நிறையும். 'மீன் குறையவே இல்லையே' என்று தோன்றும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் என்ற மீனுக்கு நடந்தது இதுதான். நானூறு ஐந்நூறு வருஷம் உலகத்துக்கே மீன் கொடுத்த கடல் அது. எதிரொலிக் கருவி வைத்த பெரிய இழுவைப் படகுகள் கடைசிவரை நல்ல பாடு காட்டின. அந்தக் கணக்கைப் பார்த்து மீன் நிறைய இருக்கிறது என்று நிபுணர்களும் நம்பினார்கள். கரையோரச் சின்னப் படகுக்காரர்கள் மட்டும் மீன் சிறுத்துவிட்டது, வரத்துக் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1992 ஜூலையில் மொத்தமாகத் தடை போட்டார்கள். சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடையை விலக்க 2024 ஆகிவிட்டது, 32 வருஷம். சின்னப் படகுக்காரர்கள் சொன்னது சரி. ஆனால் அவர்களிடம் எழுதி வைத்த கணக்கு இல்லை.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்தைப் பாருங்கள். அங்கே மத்தி மீன் 2012-ல் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் வந்தது. 2021-ல் வெறும் 3,297 டன். கடலின் வெப்பமும் மழையும் மாறியது ஒரு காரணம். குஞ்சு மீனை வாரியது இன்னொரு காரணம். இந்த எண்கள் இருந்ததால்தான் கேரள அரசால் குறைந்தபட்ச அளவு என்று சட்டம் போட முடிந்தது. அங்கே மத்தி 10 சென்டிமீட்டருக்கும், கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது. விதைநெல்லைக் குத்தித் தின்னக் கூடாது என்பது நமக்குத் தெரியாததா?

எண்ணுவது எப்படி நடக்கிறது?

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நாடு முழுவதும் கரைக்கு வரும் மீனைப் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுக்கிறது. எல்லாக் கரையிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்து, எந்த ஊர், எந்த நாள் என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். வரும் ஊழியர் முதல் நாள் மதியம் 12 மணி முதல் மாலை 6 வரை கரையில் இருப்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை இருப்பார். இடையில் உள்ள இரவுப் பாட்டை மறுநாள் விசாரித்து எழுதிக்கொள்வார். 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் எண்ணுவார். அதற்கு மேல் வந்தால் சில படகை மட்டும் எடுத்து மொத்தத்தைக் கணக்கிடுவார்கள்.

நெல் அறுவடையில் பயிர் அறுவடைப் பரிசோதனை பார்த்திருப்பீர்கள். வருவாய்க் கிராமத்தில் சில வயலில் மட்டும் அளந்து அறுத்து, அதை வைத்துத்தான் காப்பீடு கணக்காகிறது. மீனிலும் அப்படித்தான். அந்த வயலில் தப்பாக அளந்தால் ஊருக்கே இழப்பீடு போவது போல, அந்த ஒரு நாள் விசாரணையில் 'ஏதோ கொஞ்சம் வந்துச்சு சார்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கரையின் கணக்கே கோணும். துறைமுகத்தில் விசைப்படகு மீனை எண்ணுவது சுலபம், எல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். நம் பக்கம் போலத் திறந்த மணல்கரையில் குப்பத்துக்குக் குப்பம் ஏறும் ஃபைபர் படகின் மீன்தான் கணக்கில் தவறிப்போக வாய்ப்பு அதிகம். விசாரிக்க வருகிறவரிடம் கிலோவையும், வலையையும், எத்தனை மணி நேரம் கடலில் இருந்தீர்கள் என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். வரி போடுவதற்கு வருகிற ஆள் இல்லை அவர்.

சுருக்குமடியும் கண்காணிப்புக் கருவியும்

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் கடற்கரையில் சுருக்குமடி வலை என்றாலே சண்டைதான். தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த வலைக்குத் தடை. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் சுருக்குமடி போடலாம் என்றது. பதிவு செய்த படகாக இருக்க வேண்டும், கண்காணிப்புக் கருவி பொருத்தி அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது.

யோசித்துப் பாருங்கள். 12 கடல் மைல் என்பது 22 கிலோமீட்டருக்கு மேல். கரையில் நின்று யார் எங்கே வலை போடுகிறார் என்று கண்ணால் பார்க்க முடியுமா? இந்த உத்தரவே கருவியை நம்பித்தான் நிற்கிறது. கருவி இல்லாவிட்டால் அது காகிதம்தான். நம் கருத்து இதுதான்: கண்காணிப்புக் கருவியை முதலில் கண்டிப்போடு பொருத்த வேண்டியது பெரிய படகுகளில். கரையோரத்துக்குள் இழுவைப் படகு வந்து சின்னப் படகுக்காரர் வலையை அறுத்தால், இன்றைக்கு வாய்வார்த்தைதான் சாட்சி. அந்தப் படகில் கருவி இருந்தால், எந்த நேரம் எந்த இடத்தில் இருந்தது என்று பதிவு இருக்கும். கருவியை அணைத்து வைத்திருந்தால், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை சத்தமில்லை என்பதுகூடப் பதிவுதான்.

இஸ்ரோ உருவாக்கிய இருவழிக் கருவியை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைத்தார். செலவு சுமார் 360 கோடி ரூபாய். டவர் இல்லாத இடத்திலிருந்தும் இதில் ஆபத்துச் செய்தி அனுப்பலாம். 'என் மீன் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே' என்ற பயம் நியாயமானது. தாத்தா காலத்துப் பாறைக்குறி, வண்டல்குறி எல்லாம் ஒரு குடும்பத்தின் சொத்து. கருவி பொருத்தும்போது இந்தப் பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அதிகாரியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடலுக்குப் பட்டா இல்லை, அடங்கல் உண்டு

புயல் வந்து பயிர் போனால் அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்றுதானே முதலில் பார்க்கிறார்கள்? அடங்கலில் தரிசு என்று இருந்தால் கண்ணெதிரே மல்லாட்டை அழுகிக் கிடந்தாலும் நிவாரணம் வராது. படகுக்கு அந்த அடங்கல், பதிவுச் சான்று. ரியல்கிராஃப்ட் என்ற இணையதளத்தில் படகுப் பதிவும் மீன்பிடி உரிமமும் ஏறுகின்றன. படகின் பக்கவாட்டில் ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தப் பதிவு எண்தான். படகை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விடுவது, என்ஜின் மாற்றிவிட்டுச் சொல்லாமல் விடுவது, பழைய எண்ணையே புதுப் படகுக்கு எழுதுவது இவையெல்லாம் நிவாரண நேரத்தில் காலை வாரும். பங்குக்குப் படகு வைத்திருப்பவர்கள் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

2025 நவம்பர், டிசம்பரில் நடந்த கடல் மீனவர் கணக்கெடுப்பு காகிதம் இல்லாமல் முழுவதும் செல்போன் செயலியில் நடந்தது. வீடு, படகு, வலை, வருமானம் எல்லாம் நேராகக் கணினிக்குப் போய்விட்டது. இனி வரும் திட்டங்கள் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வரும்.

உங்கள் கையில் ஒரு நோட்டு

அரசுக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் படகுக்கென்று வையுங்கள். உப்பளத்தில் தண்ணீரின் டிகிரி பார்க்காமல் அடுத்த பாத்திக்குத் திறந்துவிட மாட்டார்கள். அந்த ஒழுங்கு படகுக்கும் வேண்டும். தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், எத்தனை லிட்டர் டீசல், என்ன வலை, எத்தனை கண்ணி, என்ன மீன் எத்தனை கிலோ, அதில் பொடி மீன் எவ்வளவு, கிலோ என்ன விலைக்குப் போனது. இவ்வளவு போதும். மாதக் கடைசியில் மொத்தக் கிலோவை மொத்த லிட்டரால் வகுங்கள்.

போன வருஷம் இதே மாதம் 20 லிட்டருக்கு 60 கிலோ வந்தது, இந்த வருஷம் 30 லிட்டருக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாடு குறையவில்லை போலத் தெரியும். உண்மையில் லிட்டருக்கு 3 கிலோ என்பது 2 ஆகிவிட்டது. மீன் குறைகிறது, அல்லது தள்ளிப் போகிறது. ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், வாடை, கொண்டல் என்று காற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். இரண்டு மூன்று வருஷம் அதே மாதத்தோடு அதே மாதத்தை ஒப்பிட்டால்தான் பேசும். அறிவிப்பைப் பார்த்துப் போன நாளுக்கு ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். அந்த நாளையும் மற்ற நாளையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் நியூஃபவுண்ட்லாந்து கதைதான், நல்ல கருவி கெட்ட செய்தியை மறைத்துவிடும்.

எழுதப் படிக்கத் தயங்குகிறவர்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், போனிலேயே போட்டு வைக்கும். ஒரு குப்பத்தில் பத்துப் படகு இப்படிச் செய்தால், கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலோ மாவட்டக் குறைதீர் கூட்டத்திலோ 'மீன் இல்லைங்க' என்று சொல்வதற்கும், மூன்று வருஷ நோட்டை மேசையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

விலைத் தகவலையும் அலட்சியம் செய்யாதீர்கள். 1997 ஜனவரியில் கேரளத்தின் வடகரைக் கரையில் 11 படகுக்காரர்கள் மத்தியை விற்க ஆளில்லாமல் திரும்பினார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். செல்போன் வருவதற்குமுன் அங்கே பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் இப்படி வீணாகும். போன் வந்தபின் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது. வீணாகாத மீன் என்றால் பிடிக்கத் தேவையில்லாத மீன். கரை திரும்பும்போது டவர் எட்டியதும் இரண்டு மூன்று கரைக்குப் போன் போட்டு விலை கேட்ட பிறகு படகைத் திருப்புங்கள்.

விசைப்படகுகளுக்கு நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஃபைபர் படகுக்காரர்களும் வலை பழுது பார்க்கும் அந்த நாட்களில் ஒரு நாளை ஒதுக்கி, பதிவுச் சான்று, உரிமம், சங்க அட்டை, ஆதார் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். இணையதளத்தில் உங்கள் படகின் பெயர், நீளம், என்ஜின், உரிமையாளர் பெயர் நான்கும் சரியாக இருக்கிறதா என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தவறு இருந்தால் அங்கேயே மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.